போர் முடிந்தது, சர்ஜன் எங்கே போவது?

அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரண்டு ராணுவ மருத்துவர்கள். ஒருவர் ஜோனதன் லெட்டர்மன், 1862-இல் வடதரப்பின் போட்டோமாக் படையின் மருத்துவத் தலைமைக்கு வந்தவர். அதுவரை காயம்பட்டவனைக் களத்திலிருந்து தூக்கிவரத் தனியாக ஆள் கிடையாது. வண்டிகள் எல்லாம் சரக்கு ஏற்றும் பிரிவின் கையில் இருந்தன. லெட்டர்மன் வண்டிகளை மருத்துவர்களின் பொறுப்புக்கு மாற்றினார், தூக்குவதற்கென்றே ஆட்களைப் பழக்கினார். களத்துக்குப் பக்கத்தில் கட்டுப்போடும் இடம், அதற்குப் பின்னால் கள மருத்துவமனை, அதற்கும் பின்னால் பெரிய மருத்துவமனை என்று படிப்படியாக ஒரு வரிசையை நிறுத்தினார். இன்றைய ராணுவங்களின் மருத்துவ ஏற்பாட்டுக்கு அந்த வரிசைதான் அடிப்படை.

இன்னொருவர் ஜான் ஷா பில்லிங்ஸ். அதே போரில் கெட்டிஸ்பர்க் உட்படப் பல களங்களில் கத்தி பிடித்த சர்ஜன்.

1864-இல் இருவர் பாதையும் பிரிந்தது. லெட்டர்மன் ராஜினாமா செய்தார். கலிஃபோர்னியாவுக்குப் போய் எண்ணெய் தேடும் தொழிலில் இறங்கினார், பலிக்கவில்லை. பிறகு சான் பிரான்சிஸ்கோவில் சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதிகாரியாக இருந்தார். இடையில் மனைவி போனார். 1872-இல் 47 வயதில் அவரும் போய்ச் சேர்ந்தார். பில்லிங்ஸ் சீருடையைக் கழற்றவில்லை. வாஷிங்டனில் தலைமை மருத்துவ அலுவலகத்தில் ஒரு மேஜை கிடைத்தது. அதோடு சில ஆயிரம் புத்தகங்கள்கொண்ட சின்ன நூலகமும். முப்பது ஆண்டுகளில் அது ஒரு லட்சத்தைத் தாண்டியது. உலகில் வெளிவரும் மருத்துவக் கட்டுரைகளுக்கெல்லாம் ஓர் அட்டவணையை 1879-இல் தொடங்கினார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் கட்டட அமைப்பையும் வகுத்துக் கொடுத்தார். களத்தில் எத்தனை பேரைக் காப்பாற்றினார் என்பதற்காக இன்று யாரும் அவரை நினைப்பதில்லை.

இதைச் சொல்லிவிட்டு, ‘ஆகவே ராணுவத்திலேயே இருங்கள்’ என்று முடித்துவிடலாம்தான். ஆனால் விஷயம் அவ்வளவு லேசு இல்லை. லெட்டர்மன் வெளியேறினாலும் அவருடைய ஆம்புலன்ஸ் ஏற்பாடு அதே 1864-இல் ராணுவம் முழுமைக்கும் சட்டமாகிவிட்டது. ஆள் தோற்றார், வேலை ஜெயித்தது. போர் முடிந்தபின் ஒரு சர்ஜன் எங்கே போகலாம் என்று பார்க்கும்போது இந்த இரண்டையும் தனித்தனியாக எடைபோட வேண்டும்: அவருடைய பிழைப்பு ஒன்று, அவர் கற்றதன் பிழைப்பு இன்னொன்று.

பேச வசதியாக ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 38. பொது அறுவை சிகிச்சையில் தகுதி பெற்றவர். களத்தில் இரண்டு தவணை முடித்தவர். ஒப்பந்தக் காலம் தீரப்போகிறது.

பையில் என்ன இருக்கிறது?

வழிகளைப் பார்க்கும் முன் சரக்கைப் பார்க்க வேண்டும். போர்க்களம் ஒரு சர்ஜனுக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுக்கும் என்று வெளியே ஒரு நம்பிக்கை உண்டு. அது பாதி உண்மை.

களம் கற்றுத்தருவது, முதலில், அரைகுறையாக நிறுத்தத் தெரிவது. வயிற்றில் குண்டடிபட்டு ரத்தம் கொட்டிக்கொண்டிருப்பவனின் உடல் குளிர்ந்துவிடும், ரத்தத்தில் அமிலம் ஏறும், உறையும் தன்மை போய்விடும். மூன்றும் ஒன்றையொன்று வளர்க்கும். அந்த நேரத்தில் குடலை அழகாக இணைத்துத் தைத்துக்கொண்டிருந்தால் தையல் நன்றாக இருக்கும், ஆள் இருக்க மாட்டான். ரத்தத்தை நிறுத்து, மலம் கசிவதை அடை, வயிற்றைத் தைக்காமல் மேலே மட்டும் மூடிவைத்துத் தீவிர சிகிச்சைக்கு அனுப்பு, சூடேறி நிலைப்பட்டதும் மறுபடி திற. ஓட்டை விழுந்த கப்பலை மூழ்காமல் துறைமுகம் சேர்க்கும் ‘டேமேஜ் கன்ட்ரோல்’ என்ற கடற்படைச் சொல்லையே இதற்கும் 1993-இல் பெயராக வைத்தார்கள். இரண்டாவது, காயத்தை உடனே தைக்காமல் இருக்கக் கற்பது. செத்த தசையை வெட்டி எறிந்து, காயத்தைத் திறந்தே விட்டு, நான்கைந்து நாள் கழித்து மூடுவது. மூன்றாவது, வரிசைப்படுத்துவது: யார் முதலில், யார் பிறகு, யாரைத் தொடுவதில் பயனில்லை. நெப்போலியனின் சர்ஜன் லாரே பதவியைப் பார்க்காமல் காயத்தைப் பார்த்து வரிசைப்படுத்தினார். 1949 ஜெனீவா உடன்படிக்கையும் அதையேதான் சொல்கிறது: அவசர மருத்துவக் காரணம் தவிர வேறெதற்கும் முன்னுரிமை கிடையாது.

களம் கற்றுத்தராதவையும் உண்டு. நேர்காணல் அறையில் அவைதான் எதிரே வந்து நிற்கும். குடலிறக்கம், பித்தப்பை, புற்றுநோய், சிறு துளை வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி எதுவும் அங்கே பெரிதாக வராது. நோயாளிகள் இருபது வயது இளைஞர்கள். சர்க்கரையும் ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையுமாக வரும் எழுபது வயதுக்காரர் இல்லை. இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: வசதியான ராணுவங்களில் அறுவை முடிந்த ஓரிரு நாளில் நோயாளியை விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். தான் தைத்த ரத்தக்குழாய் நின்றதா, கால் பிழைத்ததா என்பது தைத்தவருக்கே தெரியாது. ஆயிரம் அறுவை செய்தும் விளைவு தெரியாத அனுபவத்தை அனுபவம் என்று எவ்வளவு தூரம் நம்பலாம்?

அடுத்தது, இந்தச் சரக்கு கெட்டுப்போகும். போர் இல்லாத காலத்தில் ராணுவ மருத்துவத்தின் திறன் சரிந்து, அடுத்த போரின் தொடக்கத்தில் தவிர்க்கக்கூடிய சாவுகளாக அது வெளிப்படுவதை, பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் அலஸ்டர் வாக்கரின் பெயரால் ‘வாக்கர் பள்ளம்’ என்பார்கள். தனி சர்ஜனுக்கும் ஒரு வாக்கர் பள்ளம் உண்டு. எந்த வழியை எடுத்தாலும் அந்தப் பள்ளம் எவ்வளவு ஆழமாகும் என்பதுதான் என்னுடைய முதல் கேள்வி.

சீருடையிலேயே தங்குவது

சம்பளம், ஓய்வூதியம், குடும்பத்துக்கு மருத்துவம், தெரிந்த முகங்கள். நம் 38 வயதுக்காரருக்கு இது எளிதான முடிவு. வீட்டில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

சங்கடம், அமைதிக்காலத்து ராணுவ மருத்துவமனையில் வேலை குறைவு. ஆரோக்கியமான இளைஞர்கள், விளையாட்டில் பிசகிய முட்டிகள், குடல்வால். அதோடு பதவி ஏற ஏற கத்தி விலகும். கர்னல் ஆனதும் கோப்பு வரும், பிறகு கட்டடம் வரும், பிறகு பட்ஜெட் வரும். கையில் திறமை உச்சத்தில் இருக்கும் வயதில்தான் மேஜையும் காத்திருக்கும்.

ஆனாலும் இந்த வழிக்கு வேறெங்கும் கிடைக்காத ஒன்று உண்டு: பதிவேடு. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையில் தமனிக் காயங்கள் 2,471-ஐ மைக்கேல் டிபேக்கியும் ஃபியோரிண்டோ சிமியோனியும் 1946-இல் தொகுத்தார்கள். பெரும்பாலும் ரத்தக்குழாயைக் கட்டித்தான் விட்டிருந்தார்கள். அப்படிக் கட்டியவர்களில் 49 சதவீதம் பேருக்குக் கை அல்லது காலை எடுக்க வேண்டி வந்தது. குழாயைத் தைத்துச் சரிசெய்ய முயன்றது வெறும் 81 பேருக்கு. அது ஏதோ சர்ஜன்களின் கைக்கோளாறு இல்லை. களத்திலிருந்து அறுவை மேஜைக்கு வந்து சேரவே பத்து மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் தசை செத்துவிடும். கொரியப் போரில் ஹெலிகாப்டரும், களத்தையொட்டிய நடமாடும் அறுவை மருத்துவமனைகளும் வந்தன. குழாயைத் தைப்பது வழக்கமாயிற்று. கை கால் இழப்பு சுமார் 13 சதவீதத்துக்கு இறங்கியது. வியட்நாமிலிருந்து திரும்பிய நார்மன் ரிச் 1966-இல் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் ஒரு ரத்தக்குழாய்ப் பதிவேட்டைத் தொடங்கினார். ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஓர் அட்டை. ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார். விளைவு தெரியாத அனுபவம் என்று மேலே சொன்னேனே, அந்த ஓட்டையை அடைத்த வேலை இது. பின்னாளில் அவர் ராணுவ மருத்துவப் பல்கலைக்கழகத்தில் அறுவைத் துறையின் தலைவராகி, அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தார்.

தனியார் மருத்துவமனையில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்ய முடியாது. நோயாளிகளைத் தேடிப் பிடிக்கும் அதிகாரமும், இருபது ஆண்டு பொறுக்கும் நிறுவனமும் வேண்டும்.

மறதியும் ராணுவத்துக்குத்தான் அதிகம் என்பது வேறு கதை. சேமித்த ரத்தத்தைக் களத்துக்கு அருகே கொண்டுபோய் ஏற்றுவதை முதல் உலகப் போரிலேயே, 1917-இல், ஆஸ்வால்ட் ராபர்ட்சன் செய்து காட்டியிருந்தார். அடுத்த போர் வந்தபோது அமெரிக்க ராணுவம் பிளாஸ்மா (அணுக்களை நீக்கிய ரத்தத் திரவம்) போதும் என்று கிளம்பியது. 1943-இல் வட ஆப்பிரிக்காவுக்குப் போன எட்வர்ட் சர்ச்சில் (பிரதமர் இல்லை, பாஸ்டன் சர்ஜன்) முழு ரத்தம்தான் வேண்டும் என்று மேலிடத்தோடு மல்லுக்கு நின்றார். இந்த நூற்றாண்டில் இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அதே பாடத்தை மறுபடி முதலிலிருந்து படித்தார்கள். சர்ச்சில் ஒரு பேராசிரியர்; சீருடை அவருக்குப் போர் முடியும்வரைதான். மேலிடத்தோடு சண்டைபோட அதுவே அவருக்கு வசதியாக இருந்திருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஆக, தங்குவதானால் பதிவேடோ பயிற்சிப் பள்ளியோ ஏதாவது ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டு தங்க வேண்டும். ஓய்வூதியத்துக்காக மட்டும் தங்கும் சர்ஜன் ஐம்பது வயதில் கத்தியும் இல்லாமல் கற்பித்தலும் இல்லாமல் நிற்பார்.

நகரத்து விபத்துப் பிரிவு

இரண்டாவது வழி, சிவில் வாழ்க்கையில் போருக்கு மிக அருகில் இருப்பது: பெரிய ட்ராமா மையம். இரவு வேலை, ரத்தம், ஓட்டம், குழு. கையைக் காப்பாற்றிக்கொள்ள இதைவிடச் சிறந்த இடம் இல்லை. ராணுவங்களே இதை ஒப்புக்கொண்டுவிட்டன. அமெரிக்க விமானப்படை தன் மருத்துவர்களைக் களத்துக்கு அனுப்பும் முன் பால்டிமோரின் விபத்து மருத்துவமனையில் வேலை பார்க்க வைக்கிறது. தரைப்படை மயாமிக்கு அனுப்புகிறது. பிரிட்டன் தன் ராணுவ மருத்துவ மையத்தையே 2001-இல் பர்மிங்காமின் பொது மருத்துவமனைகளோடு சேர்த்துவிட்டது. ரத்தத்தை நிறுத்தக் கை காலில் இறுக்கிக் கட்டும் டூர்னிகெட் எதிர்த்திசையில் பயணம் செய்தது. ஒருகாலத்தில் ‘கட்டினால் கால் போய்விடும்’ என்று ஆம்புலன்ஸ்காரர்களே பயந்த பட்டையை, களத்து அனுபவத்தைப் பார்த்துவிட்டு நகரத்து ஆம்புலன்ஸ்களும் எடுத்துக்கொண்டன.

ஆனால் வந்து சேர்ந்த முதல் மாதத்திலேயே நம்மவருக்கு ஓர் ஏமாற்றம் இருக்கும். இங்கே பெரும்பாலும் குண்டுக் காயம் இல்லை. வாகன விபத்து, மாடிப்படியில் விழுந்த முதியவர். கிழிந்த மண்ணீரலை இன்று பல நேரம் வெட்டுவதே இல்லை. ஸ்கேன் எடுத்துவிட்டு, ரத்த அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் சிகிச்சை. ரத்தம் கசிந்தால் தொடை வழியாகக் குழாய் விட்டு கதிரியக்கப் பிரிவினர் அடைத்துவிடுவார்கள். கத்தியை எடுக்கத் துடிக்கும் கையை அடக்கிக்கொண்டு உட்காருவது, களத்திலிருந்து வந்தவருக்குத் தனிப் பயிற்சி.

அடுத்தது தகுதிச் சான்று. களத்தில் மண்டை ஓட்டைத் திறந்தவர், மார்பைத் திறந்தவர், எலும்புக்குக் கம்பி போட்டவர் என்றாலும் நகரத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபுணர் இருக்கிறார். வயிற்றைத் தாண்டி அவர் கை போகக் கூடாது. தன்னைவிட ஐந்து வயது குறைந்தவரின் கீழ் ஃபெலோஷிப் என்ற மேற்பயிற்சி செய்ய வேண்டியும் வரலாம். மானஸ்தர்களுக்குக் கஷ்டம்தான். ஆனால் அந்த இளையவருக்குத் தெரிந்ததும் இவருக்குத் தெரியாததுமான விஷயங்கள் நிறைய என்பதை ஒப்புக்கொள்பவர் இரண்டு ஆண்டில் தேறிவிடுவார்.

இந்த வழியோடு ராணுவத்தின் ரிசர்வ் பட்டியலிலும் பெயரை வைத்துக்கொள்ள முடியும் என்றால், என் கணக்கில் 38 வயதுக்காரருக்கு இதுதான் முதல் இடம். கை இங்கே கூர்மையாக இருக்கும், அழைப்பு வந்தால் போகலாம், பள்ளம் ஆழமாகாது. ஒன்றே ஒன்று: தூக்கம். களத்திலிருந்தே உடைந்த தூக்கத்தோடு வந்தவரை வாரத்துக்கு இரண்டு இரவு விபத்துப் பிரிவில் நிற்கவைப்பது நல்லதா என்பதைப் பிறகு பார்ப்போம்.

ஒரே ஒரு காயத்தைப் பிடித்துக்கொள்வது

போர் சிலருக்கு எல்லாக் காயங்களையும் கொடுக்கும். சிலருக்கு ஒரே வகைக் காயத்தை ஆயிரம் முறை கொடுக்கும். இரண்டாவது வகையினருக்கு ஒரு வழி இருக்கிறது: அதையே துறையாக்கிக்கொள்வது.

ஹெரால்ட் கில்லீஸ் காது மூக்கு தொண்டை மருத்துவர். முதல் உலகப் போரின் பதுங்குகுழிச் சண்டையில் உடல் மண்ணுக்குள் மறைந்திருக்கும், தலை மட்டும் வெளியே தெரியும். ஆகவே முகங்கள் சிதைந்தன. 1916-இல் ஆல்டர்ஷாட்டில் முகக் காயங்களுக்கென்று ஒரு பிரிவு தொடங்கினார். சோம் சண்டை மூண்டபோது 200 பேருக்குத் தயாராக இருந்த இடத்துக்குச் சுமார் 2,000 பேர் வந்தார்கள். அடுத்த ஆண்டு சிட்கப்பில் தனி மருத்துவமனை. அங்கே ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன. ஆளுக்கு இரண்டு என்று சராசரி சொல்லும்; உண்மையில் சில முகங்களுக்குப் பத்துக்கு மேல், ஆண்டுக்கணக்கில். ஜட்லாந்து கடற்போரில் முகம் வெந்த ஒரு மாலுமிக்கு மார்புத் தோலை உரித்து மேலே கொண்டுவரும்போது அதன் ஓரங்கள் தானாக உள்நோக்கிச் சுருள்வதைக் கவனித்தார். அதை அப்படியே குழாயாகத் தைத்துவிட்டால் ரத்த ஓட்டமும் நிலைக்கும், கிருமியும் ஏறாது என்று தோன்றியது. அதே சமயம் ஒடெஸாவில் ஃபிலாடோவும் இதைத் தனியாகக் கண்டுபிடித்திருந்தார்.

அறுவைக்கு முன்னும் பின்னும் முகங்களை வரைய ஹென்றி டாங்ஸ் என்ற ஓவியரை வைத்துக்கொண்டார் கில்லீஸ். டாங்ஸும் ஒருகாலத்தில் சர்ஜன்தான். இங்கேயும் பதிவு, அட்டைக்குப் பதில் வண்ணக்கட்டி.

போர் முடிந்தது. இப்போது கில்லீஸ் முன் நின்ற கேள்விதான் நம்முடைய கேள்வியும். காது மூக்கு தொண்டைக்குத் திரும்பினால் நிச்சயமான வரும்படி. முகத்தோடே இருந்தால் அப்படி ஒரு துறை இருப்பதாகவே யாருக்கும் தெரியாது. அவர் முகத்தைத் தேர்ந்தெடுத்தார். 1920-இல் புத்தகம் எழுதினார். போர்க்காயங்கள் ஓய்ந்தபின் அழகுக்கான அறுவைகளும் வருமானத்துக்கு உதவின. இருபது ஆண்டு கழித்து அடுத்த உலகப் போர் தொடங்கும்போது பிரிட்டன் முழுவதிலும் முழுநேர பிளாஸ்டிக் சர்ஜன்கள் நான்கே பேர்தான். கில்லீஸ் அவர்களில் ஒருவர், அவருடைய உறவினர் ஆர்ச்சிபால்ட் மெக்கின்டோ இன்னொருவர். ஆயிரக்கணக்கான முகங்களைப் பார்த்த ஒரு நாட்டில் நான்கு பேர்! தனித்துறை என்பது போர் முடிந்த கையோடு கூட்டம் கலைந்துபோகும் கடை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

மெக்கின்டோ கதையிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. எரிந்த விமானிகளுக்கு ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டில் தோல் மாற்றியவர், சீருடைப் பதவி வேண்டாம் என்று சிவில் ஆலோசகராகவே இருந்துகொண்டார். நோயாளிகள் மருத்துவமனை உடைக்குப் பதில் சொந்த உடை போடலாம், வார்டில் பீர் குடிக்கலாம், ஊருக்குள் போகலாம் என்று விட்டார். 1941-இல் அவர்கள் சேர்ந்து ‘கினிப் பன்றிகள்’ என்று தங்களுக்கே பெயர் வைத்து ஒரு சங்கம் தொடங்கினார்கள்; போர் முடியும்போது 649 உறுப்பினர்கள். ராணுவ ஒழுங்குக்குள் இருந்திருந்தால் இதில் பாதிகூட நடந்திருக்காது.

யாருக்கு இந்த வழி? ஒரே வகைக் காயத்தில் நூற்றுக்கணக்கான அறுவையும், அந்த நோயாளிகள் வந்து சேரும் நிலையான இடமும், பத்தாண்டு பொறுமையும் உள்ளவருக்கு. எரிகாயம், துண்டான கை கால், நரம்பு. நரம்பு என்றதும் வியர் மிட்செல் நினைவுக்கு வருகிறார். உள்நாட்டுப் போரின் நரம்புக் காயங்களுக்கென்றே ஃபிலடெல்ஃபியாவில் நடந்த மருத்துவமனையில் ஒப்பந்த சர்ஜனாக இருந்தவர். இல்லாத காலில் வலிக்கிறது என்று சிப்பாய்கள் சொன்னதைப் பிதற்றல் என்று தள்ளாமல் எழுதிவைத்தார். பிறகு அமெரிக்க நரம்பியலின் முன்னோடிகளில் ஒருவரானார். நம் 38 வயதுக்காரர் பொது சர்ஜன், எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் பார்த்தவர். அவருக்கு இந்தக் கதவு பாதிதான் திறந்திருக்கிறது.

இன்னொருவர் போருக்குப் போவது

செஞ்சிலுவைச் சங்கம், எல்லைகளற்ற மருத்துவர்கள் போன்ற அமைப்புகள். போரைப் பார்த்தவர் பலருக்கும் இது மனத்துக்கு மிக நெருக்கமாகத் தோன்றும். தோன்றுகிற அளவுக்குப் பொருத்தமில்லை.

வேலையே வேறு. விமானத்தில் ஏற்றி அனுப்பும் வசதி இல்லை. தொடங்கியதை அதே அறையில் முடிக்க வேண்டும். ரத்தம் நாலு பை இருந்தால் பெரிது. காயம் நடந்து சில நாள் கழித்து, சீழோடு, கழுதையிலோ லாரியிலோ வந்து சேரும். பெண்கள், குழந்தைகள், கண்ணிவெடியில் கால் போன விவசாயி. நள்ளிரவில் சிசேரியன் வரும். ராணுவ சர்ஜன்களில் பலர் அதைப் படிக்கும் காலத்தோடு மறந்திருப்பார்கள். ரத்தமும் தீவிர சிகிச்சையும் ஏராளமாக இருக்கும் இடத்துக்காக உருவான அரைகுறையாக நிறுத்தும் முறை, இவை இரண்டும் இல்லாத இடத்தில் அப்படியே செல்லாது.

நடுநிலை என்ற சங்கடம் வேறு. நேற்றுவரை ஒரு தரப்பின் சீருடை போட்டவரை இன்று எல்லாத் தரப்பும் நம்ப வேண்டும். சில இடங்களுக்கு அவரை அனுப்பவே முடியாது.

கனடா சர்ஜன் நார்மன் பெத்யூன் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் களத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் வண்டியை நடத்தினார், பிறகு சீனாவுக்குப் போனார். அறுவையின்போது விரலில் பட்ட வெட்டு சீழ்பிடித்து 1939 நவம்பரில் இறந்தார். 1938-இல் இந்தியாவிலிருந்து சீனாவுக்குப் போன ஐந்து மருத்துவர்களில் ஒருவரான கோட்னிஸ் 1942 டிசம்பரில் அங்கேயே இறந்தார், வயது 32. இருவரும் நடுநிலையாளர்கள் இல்லை, ஒரு தரப்பை மனதாரத் தேர்ந்தெடுத்தவர்கள். அதனால் அவர்களை இந்த வழிக்கு முன்மாதிரியாகச் சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு.

எனக்குப் பிடித்த முன்மாதிரி எட்வர்ட் டன்லப். ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் மாண்ட அதே சயாம் ரயில்பாதையில் போர்க்கைதியாக இருந்து, மூங்கிலையும் கையில் கிடைத்ததையும் வைத்து சக கைதிகளுக்கு அறுவை செய்த ஆஸ்திரேலிய சர்ஜன். விடுதலையானதும் வேறொரு போரைத் தேடி ஓடவில்லை. மெல்போர்னில் சாதாரண சர்ஜனாகத் தொழில் நடத்தினார். கூடவே முன்னாள் கைதிகளின் நலனைக் கவனித்தார். 1969-இல்தான், கால் நூற்றாண்டு கழித்து, ஓர் அறுவைக் குழுவோடு வியட்நாம் போனார். வீடு ஒன்று, தொழில் ஒன்று, அதன் மேல் அவ்வப்போது ஒரு பயணம். இந்த வழியை முழுநேரமாக எடுப்பதைவிட, ஆண்டில் இரண்டு மூன்று மாதமாக மற்றொன்றோடு சேர்ப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

கத்தியை வைத்துவிடுவது

இதைத் தோல்வி என்று நினைப்பவர்கள் அதிகம். பட்டியலைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. பில்லிங்ஸ் ஏற்கெனவே வந்துவிட்டார். கிரிமியப் போரின் செவஸ்டோபோல் முற்றுகையில் காயம்பட்டவர்களை வகைபிரித்து, எலும்பு முறிவுக்குச் சாந்துக்கட்டுப் போட்டுக் கை கால்களைக் காப்பாற்றிய ரஷ்ய சர்ஜன் பிரோகோவ், திரும்பி வந்ததும் ராணுவ மருத்துவக் கல்லூரியை விட்டுவிட்டுப் பள்ளிக்கல்வி நிர்வாகத்துக்குப் போனார். கற்றதையெல்லாம் 1860-களில் போர்க்கள அறுவை நூலாக எழுதினார். கிராமத்துக்குப் போய் உட்கார்ந்த பிறகும் 1870-லும் 1877-லும் போர்க்கள மருத்துவமனைகளைப் பார்வையிட அவரைத்தான் அழைத்தார்கள்.

அடுத்தவர் ரங்கராஜ். கொரியப் போருக்கு இந்தியா அனுப்பிய 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவின் தளபதி. 1951 மார்ச்சில் முன்சான் அருகே அமெரிக்கப் படையோடு பாராசூட்டில் குதித்த மருத்துவக் குழுவைக் கூட்டிப் போனவர், மகாவீர் சக்கரம் பெற்றவர். பின்னாளில் உலகச் சுகாதார நிறுவனத்துக்காக ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்பு வேலைக்குப் போனார். அங்கே கத்திக்கு வேலையில்லை. மலைக் கிராமத்துக்கு ஆள் அனுப்பத் தெரிய வேண்டும், பொருள் கெடாமல் கொண்டுசேர்க்கத் தெரிய வேண்டும், யாரை முதலில் பார்ப்பது என்று தெரிய வேண்டும். கள மருத்துவப் பிரிவை நடத்தியவருக்கு இதைவிடப் பழகிய வேலை எது?

கையில் நடுக்கமோ முதுகில் வலியோ வந்தவர்கள், ஐம்பதை நெருங்குபவர்கள், ரத்தத்தைப் பார்த்தால் பழைய முகங்கள் வருகின்றன என்பவர்கள் இந்த வழியை முதலிலேயே எடைபோட வேண்டும், கடைசியில் இல்லை.

தூக்கமும் வீடும்

மேலே ஒத்திவைத்த விஷயம் இது. வரிசைப்படுத்துவது என்று எளிதாக எழுதிவிட்டேன். மூச்சு இருக்கும்போதே ஓரமாக வைக்கப்பட்டவனின் முகம், அப்படி வைக்கச் சொன்னவரோடு வீட்டுக்கு வருகிறது. அதற்கு நேர் எதிரான தொல்லையும் உண்டு: ஊருக்கு வந்தபின் எதுவுமே அவசரமாகத் தோன்றாது. பித்தப்பைக் கல்லுக்கு அழும் நோயாளி மேல் எரிச்சல் வரும், வீட்டுச் சண்டை அற்பமாகத் தெரியும். இந்த மனநிலையில் எடுக்கும் தொழில்முடிவு பெரும்பாலும் அடுத்த களத்தைத் தேடும் முடிவாகவே இருக்கும். ஆகவே, பதவி விலகிய ஆறு மாதத்துக்குள் மனிதநேயப் பயணத்துக்குக் கையெழுத்துப் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். விபத்துப் பிரிவானாலும் முதல் ஆண்டு இரவு முறை குறைவாகக் கிடைக்குமா என்று கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. மனநல மருத்துவரைப் பார்த்தால் பதவி உயர்வு போய்விடும் என்ற பயம் சீருடைக்குள் இருக்கும்வரை உண்மையாகவும் இருக்கலாம். வெளியே வந்தபின் அதற்கு அர்த்தமில்லை.

நம் 38 வயதுக்காரருக்கு என் வரிசை இது: ட்ராமா மையமும் ரிசர்வும் சேர்ந்தது முதலில், பதிவேடோ பயிற்சிப் பொறுப்போ எழுத்துமூலம் கிடைத்தால் மட்டும் சீருடை இரண்டாவது, மனிதநேயப் பணி ஓராண்டு கழித்து, பகுதிநேரமாக. தனித்துறை அவருக்கு இல்லை. அவருக்கு 48 வயது என்றால் சீருடைப் பயிற்சிப் பள்ளியை மேலே தூக்கிவைப்பேன், இரவு விபத்துப் பிரிவைக் கீழே இறக்குவேன். மனைவியோ கணவனோ வேறு ஊரில் வேலை பார்க்கிறார் என்றால் இந்த வரிசை முழுவதும் கலைந்துவிடும். அது எனக்கும் தெரியும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் சீருடையைத் திருப்பிக் கொடுக்கும் முன் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. அறுவைக் குறிப்பேடு. எந்தத் தேதி, என்ன காயம், என்ன செய்தோம், தலைமை சர்ஜனாகவா உதவியாளராகவா, அடுத்த கட்டத்தில் என்ன ஆயிற்று. நோயாளியின் பெயரும் படைப்பிரிவும் இல்லாமல், அனுமதி பெற்று எடுத்துக்கொள்ள வேண்டும். வெளியே வந்தபின் ராணுவக் கணினிக்குள் நுழைய முடியாது, கடிதம் போட்டால் பதில் வர மாதங்கள் ஆகும். ட்ராமா மையத்து நேர்காணலில் பதக்கத்தைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை. கடந்த இரண்டு ஆண்டில் நீங்களே திறந்த வயிறு எத்தனை என்றுதான் கேட்பார்கள்.